கவையில் வைத்த கை: கம்பி விமான வேகப் போட்டியின் வரலாறு

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றிப் பேசும்போது 'குடவோலை' என்ற சொல்லோடு நம்மில் பலர் நின்றுவிடுகிறோம். வைகுந்தப்பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழரின் 14ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 921) வெட்டப்பட்ட சாசனத்தில் அதைவிடச் சுவையான நுணுக்கம் ஒன்று இருக்கிறது. குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன், உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன். அவன் எடுத்துத் தரும் ஓலையை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து, திறந்த உள்ளங்கையில் அதை வாங்கவேண்டும். வாங்கியதைப் படிக்கவேண்டும். அங்கிருக்கும் நம்பிமார் அனைவரும் அதையே மீண்டும் படிக்கவேண்டும். மடங்கிய விரல்களுக்குள் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக்கூடும் என்று ஊர்ச்சபையார் எண்ணியிருக்கிறார்கள். அப்படி எண்ணுவதற்கு அவர்களுக்கு அனுபவம் ஏதேனும் இருந்திருக்கவேண்டும் என்பது நமது ஊகம்.

மனிதனின் கையை நம்பாத இன்னொரு விதியைப் பற்றியது இக்கட்டுரை. அந்த விதி ஒரு வட்டத்தின் நடுவில் நட்டிருக்கும் கம்பத்தில் இருக்கிறது. கம்பத்தின் தலையில் சுழலக்கூடிய கவை ஒன்று உண்டு. கவண் செய்ய நாம் ஒடித்த கவட்டைக் கிளையை வாசகர்கள் நினைவுக்குக் கொண்டுவரலாம். மாதிரி விமானத்தை ஓட்டுபவர் தம் கையை அந்தக் கவையில் வைத்தபிறகுதான் விமானத்தின் வேகம் அளக்கப்படும். அளந்து முடியும்வரை கை அங்கேயே இருந்தாகவேண்டும். இவ்விதி ஏன் வந்தது என்பதைச் சொல்லப் புகுந்தால் அந்த விளையாட்டின் வரலாறு முழுவதையும் சொல்லவேண்டியிருக்கிறது.

கண்ட்ரோல் லைன் எனப்படும் கம்பி விமானத்தை முதலில் அறிமுகப்படுத்திவிடுவோம். ஓட்டுபவர் கையில் ஒரு பிடி. பிடியின் மேல்முனையிலிருந்தும் கீழ்முனையிலிருந்தும் இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் புறப்பட்டு விமானத்தின் இடப்புற இறக்கை வழியாக உள்ளே செல்கின்றன. அங்கே பெல் கிராங்க் என்னும் சிறு தகடு ஓர் அச்சில் திரும்பும்படி பொருத்தப்பட்டிருக்கும். மணிக்கட்டைச் சற்று மேலே சாய்த்தால் ஒரு கம்பி இழுபட்டு மற்றது நெகிழும், தகடு திரும்பும், அதனோடு இணைந்த தண்டு வால்பகுதியின் எலிவேட்டரை அசைக்கும், விமானம் ஏறும். கீழே சாய்த்தால் இறங்கும். அவ்வளவுதான். இடம் வலம் திருப்பும் வேலையே இல்லை. கம்பியின் நீளம் வட்டத்தைத் தீர்மானித்துவிடுகிறது. தட்டான்பூச்சியின் வாலில் நூலைக் கட்டிப் பறக்கவிட்ட பிள்ளைப் பருவத்தின் (தட்டானுக்கு நாம் மன்னிப்புக் கேட்கவேண்டிய) விளையாட்டுக்கு எஞ்சின் பூட்டியதாகக் கொள்ளலாம்.

வட்டத்தில் சுற்றவிட்டுக் காற்றை அறிவது என்னும் யோசனை விமானத்தைவிட மிகப் பழையது. அதன் தொடக்கத்தில் நிற்பவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயக் கணிதர். 1707இல் பாத் நகரில் பிறந்தவர். பீரங்கிக் குண்டு காற்றில் எவ்வளவு வேகத்தை இழக்கிறது என்ற கேள்வி அவரை விடாமல் துரத்தியது. 1742இல் அவர் வெளியிட்ட பீரங்கி நூலை, அக்காலத்தின் மாபெரும் கணிதரான ஆய்லரே ஜெர்மன் மொழியில் பெயர்த்து விளக்கவுரையும் எழுதினார். அதன்பின் ராபின்ஸ் ஒரு கருவி செய்தார். நிமிர்ந்து நிற்கும் அச்சு. அதிலிருந்து கிடையாக நீளும் ஏறத்தாழ நான்கடிக் கை. கையின் நுனியில் சோதிக்கவேண்டிய பொருள். அச்சில் சுற்றிய கயிற்றின் முனையில் எடை தொங்கும். எடை கீழிறங்க, கை சுழலும். நுனியில் பட்டைக்கூம்பு ஒன்றைப் பொருத்தி, ஒருமுறை கூர்முனை முன்னோக்க, மறுமுறை தட்டைப்புறம் முன்னோக்கச் சுழற்றிப் பார்த்தார். காற்றை எதிர்கொள்ளும் பரப்பு ஒன்றே ஆயினும் தடை ஒன்றாக இல்லை. வடிவம் முக்கியம் என்பதைக் கருவியால் அளந்து காட்டிய முதல் முயற்சிகளில் இது ஒன்று. இன்று காற்றியல் பயிலும் மாணவர்கள் இக்கருவியைச் சுழல்கை என்ற பெயரில் முதல் அத்தியாயத்திலேயே சந்திக்கிறார்கள்.

இந்த ராபின்ஸின் கதை நம் மண்ணில் முடிகிறது என்பது பலருக்கும் வியப்பளிக்கலாம். 1746இல் பிரெஞ்சுக்காரரிடம் பறிகொடுத்த சென்னையை 1749இல் திரும்பப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, தன் கோட்டைகளை வலுப்படுத்தத் தக்க ஆளைத் தேடி, ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக அமர்த்தியது. 1750இல் அவர் சோழமண்டலக் கரையில் வந்திறங்கினார். சென்னைக்கும் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டைக்கும் திட்டங்கள் வரையத் தொடங்கினார். ஓராண்டுதான். காய்ச்சலில் விழுந்து, 1751 ஜூலை 29ஆம் நாள் அந்தக் கோட்டையிலேயே காலமானார். கடலூர் என்றால் கிளைவையும் கெடிலம் ஆற்றையும் நினைக்கும் நாம், காற்றுத் தடையை அளந்த மனிதரின் முடிவும் அங்கேதான் என்பதைச் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

சுழல்கைக்குப் பிறவிக்குறை ஒன்று உண்டு. பொருளை இழுத்துச் செல்லும் கையும் காற்றைக் கலக்குகிறது. சில சுற்றுகளுக்குப் பின் பொருள் தான் கலக்கிய காற்றிலேயே ஓடிக்கொண்டிருக்கும். கட்டிவைத்திருப்பதே தடையாகவும் ஆகிவிடுகிறது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம், பின்னால் பயன்படும்.

1804இல் ஜார்ஜ் கெய்லி சுழல்கையில் இறக்கையைப் பொருத்தித் தூக்குவிசையை அளந்தார். 1879இல் பிரான்சில், சலே-மூதோன் என்னுமிடத்தில், விக்தோர் தாத்தேன் ஒரு படி மேலே போனார். அழுத்திய காற்றால் ஓடும் எஞ்சின் பூட்டிய மாதிரி விமானத்தை நடுக்கம்பத்தில் கயிற்றால் கட்டி, வட்டப்பாதையில் ஓடவிட்டார். கை சுழற்றவில்லை, எடை இழுக்கவில்லை. விமானம் தன் ஆற்றலாலேயே தரையைவிட்டு எழுந்தது. ரைட் சகோதரர்களுக்கு 24 ஆண்டுகள் முந்திய நிகழ்வு இது.

கட்டிய விமானத்தின் ஏற்ற இறக்கத்தை மனிதர் கைக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்கர்கள். இங்கே வரலாறு சற்றே வழக்குமன்றம் ஏறுகிறது. ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாண்டில் ஜிம் வாக்கர் என்றொரு சாமர்த்தியசாலி இருந்தார். 1940ஐ ஒட்டி 'ஃபயர்பால்' என்னும் மாதிரி விமானத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்து, 'யூ-கண்ட்ரோல்' என்று பெயர் சூட்டி, 1942இல் காப்புரிமையும் பெற்றார். இரு கைகளிலும் இரண்டு, தலைக்கவசத்தில் ஒன்று என மூன்று விமானங்களை ஒரே நேரத்தில் ஓட்டிக் காட்டிக் கூட்டத்தை வாய்பிளக்கவைத்தவர் அவர். (கரகாட்டக்காரர்கள் இதைக் கேட்டால் வியக்கமாட்டார்கள்.) டெக்சாஸில் விக்டர் ஸ்டான்சல் என்பவர் தம் வழியில் வேறொரு முறையைச் செய்துகொண்டிருந்தார்; பின்னாளில் ஒரே கம்பியை முறுக்கி விமானத்தை இயக்கும் 'மோனோலைன்' அவர் தந்தது. வாக்கர் தம் காப்புரிமையைக் கொண்டு பிறரிடம் உரிமைத்தொகை கேட்டார். பொம்மை எஞ்சின்களால் புகழ்பெற்ற லீராய் காக்ஸின் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கு 1955இல் அவருக்கே எதிராக முடிந்தது. அதே ஆரிகனில் ஓபா செயின்ட் கிளேர் என்ற எளிய மனிதர் 1930களின் பிற்பாதியிலேயே, 'மிஸ் ஷெர்லி' என்ற தம் விமானத்தில், இதே போன்ற கம்பியையும் தகட்டையும் கொண்டு பறக்கவிட்டிருந்தார் என்பது மன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. அவர் காப்புரிமை எதுவும் கேட்டிருக்கவில்லை. முதலில் செய்தவர் ஒருவர், முதலில் எழுதிவைத்தவர் வேறொருவர் என்பது கல்வெட்டு படிப்பவர்களுக்குப் பழக்கமான சிக்கல்.

கையில் பிடி வந்த உடனே வேகப்போட்டியும் வந்துவிட்டது. வட்டத்தின் நீளம் தெரியும், நேரத்தைக் குறித்தால் வேகம் தெரியும். நிலத்தில் கால்பதித்து நின்றபடி வானூர்தியின் வேகத்தைத் துல்லியமாக அளக்க இதைவிட மலிவான வழி கிடையாது. 1947ஐ ஒட்டி, அமெரிக்கரான ரே ஆர்டன் வழியாகக் குளோ பிளக் பரவியது. பேட்டரியும் சுருளும் சுமக்காமல், மெத்தனாலில் ஓடும் சிற்றெஞ்சின்கள் வந்தன. போட்டி சூடு பிடித்தது.

ஏமாற்றும் கலையும் உடன் வளர்ந்தது. 'ஏமாற்று' என்ற சொல் சற்றுக் கடுமையோ என்று தோன்றுகிறது. எழுதாத விதியை யாரும் மீறமுடியாது அல்லவா? கவணில் கல்லை வைத்துச் சுழற்றுபவர் என்ன செய்கிறார்? கை, கல்லுக்குச் சற்று முன்னே ஓடுகிறது. கயிறு கல்லை முன்னோக்கி இழுக்கிறது. கையின் ஆற்றல் கல்லுக்குப் போகிறது. கம்பி விமானக்காரர்களும் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மார்புக்கு நேரே இருக்கவேண்டிய கையை நீட்டி, விமானத்துக்கு முன்னே வட்டமிட்டுச் செலுத்தினால் போதும். எஞ்சின் தராத வேகத்தைத் தோள் தந்துவிடும். 'விப்பிங்' என்று இதற்குப் பெயர். சாட்டை வீச்சு என்று நாம் சொல்லலாம். வலுவான தோள்கொண்டவர் மந்தமான எஞ்சினையும் பந்தயக் குதிரை ஆக்கினார். அளக்கப்படுவது விமானத்தின் வேகமா, மனிதரின் புஜமா? இக்கேள்விக்கு விடை சொல்லாமல் எந்தச் சாதனையும் சாதனை ஆகாது என்ற நிலை வந்தபோதுதான் வட்டத்தின் நடுவில் கம்பம் முளைத்தது. கவையில் கை தங்கியபின் அது விமானத்தை முந்த முடியாது. கூடவே திரும்பலாம், அவ்வளவே. மத்தியஸ்தனின் விரிந்த ஐந்து விரல்களுக்கும் இந்தக் கவைக்கும் வேலை ஒன்றுதான் என்று நமக்குத் தோன்றியதே இக்கட்டுரை பிறந்ததன் காரணம்.

ஒப்பீட்டை இங்கேயே விட்டுவிடலாம் என்றால், உத்திரமேரூர் நம்மை விடுவதாயில்லை. அங்கே இரண்டு சாசனங்கள் இருக்கின்றன. பராந்தகரின் 12ஆம் ஆட்சியாண்டில் (919) ஒன்று; இரண்டே ஆண்டுகள் கழித்து மற்றொன்று. வாரியத்துக்குத் தகுதியான வயது முதலாவதில் 30க்கும் 60க்கும் இடைப்பட்டது. இரண்டாவதில் 35க்கும் 70க்கும் இடைப்பட்டது. கணக்குக் காட்டாதவரை விலக்கும் விதி இரண்டாவதில் அவருடைய உறவினர் பட்டியலாக விரிகிறது. முதல் விதி நடைமுறைக்கு வந்தபின், அதன் ஓட்டைகளை யாரோ கண்டுபிடித்துப் பயன்படுத்தியிருக்கவேண்டும். இல்லையேல் இரண்டாண்டுக்குள் கல்தச்சருக்கு மறுபடியும் வேலை ஏன்? (நிலமும் வேதப்பயிற்சியும் உடைய பிரமதேயத்தார் மட்டுமே அந்தக் குடத்துக்குள் நுழைய முடிந்தது என்பதையும் மறக்கலாகாது. அதை இன்றைய மக்களாட்சியின் தாய் என்று மேடையில் முழங்குவோர் வாசகத்தை முழுதும் படிப்பதில்லை.) விதி என்பது ஒருமுறை எழுதி முடிப்பதன்று. ஆட்டக்காரரின் அறிவு ஓரடி வைத்தால் விதியும் ஓரடி வைக்கவேண்டியிருக்கிறது.

வேகப்போட்டியின் விதிநூலை அப்படிப் படித்தால்தான் சுவை. உலக வானூர்தி விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஏ.ஐ. 1905இல் பாரிசில் தோன்றியது. கம்பி விமானங்களை அது நான்கு வகையாகப் பிரிக்கிறது. வேகம் எஃப்-2-ஏ, வித்தைப் பறப்பு எஃப்-2-பி, அணி ஓட்டம் எஃப்-2-சி, ஒன்றன் வாலில் கட்டிய தாள் நாடாவை மற்றொன்று அறுக்கும் சண்டை எஃப்-2-டி. காற்றாடிக்கு மாஞ்சா தடவிய தலைமுறைக்குக் கடைசி வகையை விளக்கத் தேவையில்லை. நம் பேச்சு முதல் வகையைப் பற்றியது.

எஞ்சினின் கொள்ளளவு 2.5 கன சென்டிமீட்டருக்கு மேல் போகலாகாது. அதாவது அரைத் தேக்கரண்டி. கம்பியின் நீளமும் வேகத்தோடு வளர்ந்தது. முன்பு வட்டத்தின் ஆரம் 15.92 மீட்டர், பத்துச் சுற்றுகள் ஒரு கிலோமீட்டர். வேகம் கூடக்கூட அது போதவில்லை. ஆரம் 17.69 மீட்டர் ஆயிற்று. ஒன்பது சுற்றுகள் ஒரு கிலோமீட்டர். மணிக்கு 300 கிலோமீட்டர் என்பது இன்று இவ்வகையில் எட்டப்படும் வேகம். கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு கிலோமீட்டருக்கு 12 விநாடி, ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் விநாடிக்குச் சற்று மேல். மையம்விட்டு விலகும் இழுப்பு, புவியீர்ப்பைப்போல் 40 மடங்கு. விமானம் அரைக்கிலோ என்றால் கையில் 20 கிலோ இழுப்பு. நேரக்காப்பாளர் பத்தில் ஒரு விநாடி பிசகினால் வேகக்கணக்கில் இரண்டரைக் கிலோமீட்டர் மாறிவிடும். உலகப் பட்டம் அதைவிடக் குறைந்த வேறுபாட்டிலும் கைமாறக்கூடியது. கைக்கடிகாரத்தை விட்டு மின்னணுக் கருவிக்குப் போனதன் நியாயம் இதுதான்.

ராபின்ஸின் சுழல்கைக் குறையை நினைவில் வைத்திருக்கச் சொன்னோம். அது இங்கே பூதாகரமாகத் திரும்பி வருகிறது. விமானத்தைவிட அதைக் கட்டியிருக்கும் இரண்டு கம்பிகளே காற்றை அதிகம் எதிர்க்கின்றன. கம்பியை மெலிதாக்கினால் வேகம் கூடும். அறுந்தால் 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓர் எறிகணை பார்வையாளர்மேல் பாயும். ஆகவே விதி குறுக்கிட்டது: கம்பி 0.4 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது; பறப்பதற்கு முன் பலமடங்கு இழுவையில் சோதிக்கவேண்டும்; வட்டத்தைச் சுற்றி வலைவேலி இருக்கவேண்டும். கம்பியை மெலிதாக்க முடியாதவர்கள் அதை ஒளித்துவைக்க முயன்றார்கள். எஃப்-2-ஏ விமானத்தை முதன்முதல் காண்பவர் அது பாதி உடைந்துபோனது என்றே நினைப்பார். உட்புற இறக்கை மட்டும் நீண்டிருக்கும்; வெளிப்புறத்தில் இறக்கை என்று சொல்லத்தக்க எதுவும் இராது. நீண்ட உள்ளிறக்கைக்குள் கம்பிகள் புதைந்து போவதால் அந்த அளவுக்குக் காற்றுத் தடை மிச்சம். சுழலிக்கும் ஓர் இதழ்தான். மறுபுறம் சமன்செய்யும் எடை. இரண்டாம் இதழ் முதலாவது கலக்கிய காற்றில் வீணாக உழல்வானேன் என்ற கணக்கு. சமச்சீரே அழகு என்று நம்பும் சிற்பிகளுக்கு இது ஒவ்வாது. ஆனால் தேவையற்றதை நீக்கிக்கொண்டே போனால் என்ன எஞ்சும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நாம் கண்டதில்லை.

எஞ்சினின் கதையில் ஒரு கிளைக்கதை உண்டு. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். மோட்டார்சைக்கிள் ஆலையில் வால்டர் காடன் என்ற பொறியாளர், டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் புகைக்குழாயை ஓர் இசைக்கருவியைப்போலச் சுருதி கூட்டினார். குழாயின் முனையில் எதிரொலித்துத் திரும்பும் அழுத்த அலை, வெளியே தப்பிய எரிபொருளை மீண்டும் உள்ளே தள்ளிவிடும். 1961இல் அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குலகுக்குத் தப்பியோடி அந்த ரகசியத்தைச் சுசூகிக்குக் கொண்டுபோனது மோட்டார் பந்தய உலகின் பெருங்கதை. அதே பத்தாண்டில் அந்தக் குழாயைச் சிறிதாக்கி மாதிரி விமானத்தில் பொருத்திக் காட்டியவர் அமெரிக்கரான பில் விஸ்னீவ்ஸ்கி. மற்றவர்கள் தத்தம் எஞ்சின்களைத் தூர எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவேண்டியதாயிற்று.

எரிபொருள் விதியே நம் உள்ளத்துக்கு மிக நெருங்கியது. நைட்ரோமீத்தேன் கலந்தால் எஞ்சின் வெறிகொண்டு ஓடும். ஆனால் அது விலைமிக்கது, பல நாடுகளில் கிடைப்பதரிது. பணமுள்ள நாட்டின் புட்டியோடு பணமில்லாத நாட்டின் கைத்திறன் எப்படிப் போட்டியிடும்? எஃப்-2-ஏ போட்டியில் அனைவருக்கும் ஒரே கலவை என்று விதி செய்தார்கள்: 80 பங்கு மெத்தனால், 20 பங்கு ஆமணக்கெண்ணெய். வேறொன்றும் கூடாது. ஆம், நம் வீட்டு விளக்கெண்ணெய்தான். மிகுந்த வெப்பத்திலும் உலோகத்தின்மேல் படலமாக ஒட்டிநிற்பது, மெத்தனாலில் நன்கு கரைவது என்ற இரண்டு குணங்களும் அதற்கு உண்டு. முதல் உலகப்போரில் ரோட்டரி எஞ்சின் விமானங்கள் இதைத்தான் குடித்தன. உலகில் ஆமணக்கை மிகுதியாக விளைவிப்பது இந்தியா, பெரும்பகுதி குஜராத்தில். நம் பக்கத்தில் நிலக்கடலைக் கொல்லையின் வரப்போரம் நிற்கும் செடி அது. மந்தமான ஆளை 'விளக்கெண்ணெய்' என்று வைகிறோமே, அந்த எண்ணெயில்தான் உலகின் மிக வேகமான சிற்றெஞ்சின்கள் நிமிடத்துக்கு 40,000 சுற்றுக்கு அருகே ஓடுகின்றன. வசவை மாற்றிக்கொள்ளலாமா என்பதை வாசகர் முடிவுக்கே விடுகிறோம்.

எண்ணெய் நம்முடையதாயினும் ஆட்டம் நம்முடையதாக ஆகவில்லை. இந்தியாவில் கம்பி விமானத்தைப் பலரும் கற்றது தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில்தான். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய அப்படையில் விமானப் பிரிவு 1950 ஏப்ரலில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் தொடங்கியது. மாதிரி விமானக் கலை அதன் பாடங்களுள் ஒன்று. அகில இந்திய வாயு சைனிக் முகாமில் கம்பி விமானப் போட்டியும் நடைபெறும். ஆயினும் அது பயிற்சி சார்ந்த பறப்பு. எஃப்-2-ஏ போன்ற தனித் தவம் அன்று. உலகப் போட்டி ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கிறது: 2016இல் ஆஸ்திரேலியாவின் பெர்த், 2018இல் பிரான்சின் லாந்த்ர் என்று ஊர் மாறும். போட்டியாளர்களில் பலர் தம் எஞ்சினைத் தாமே கடைந்து செய்பவர்கள் அல்லது அப்படிச் செய்யும் ஓரிருவரிடம் வாங்குபவர்கள். சிலிண்டரின் உட்சுவரை மேலே குறுகலாகவும் கீழே சற்றே அகலமாகவும் உராய்ந்து, சூடேறியபின் சரியாகப் பொருந்தும்படி செய்யும் கைப்பதம் எந்த நூலிலும் முழுதாக இல்லை. அவர்கள் மூத்துக்கொண்டு வருகிறார்கள். ஸ்தபதியோடு போய்விட்ட நுணுக்கங்களை எண்ணி ஏங்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது அயலாரின் கவலையாகத் தோன்றவில்லை.

இடம் ஒன்றும் பெரிதாக வேண்டியதில்லை. ஆரம் 17.69 மீட்டரும் அதைச் சுற்றிப் பாதுகாப்புக்குச் சற்று வெளியும் போதும். கோடையில் வற்றிய ஏரியில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் பரப்பில் இப்படிப் பல வட்டங்கள் அடங்கும். உத்திரமேரூர்ப் பக்கத்தில் அத்தகைய ஏரிகளுக்குப் பஞ்சமில்லை. ஒன்றைமட்டும் பார்த்துக்கொள்ளவேண்டும்: கையிலிருப்பது எஃகுக் கம்பி, ஆகவே மின்கம்பி செல்லும் இடத்தின் அருகில் இந்த ஆட்டம் அறவே கூடாது. மின்கம்பி குறுக்கே ஓடாத ஏரியைத் தேடுவதுதான் இன்றைக்கு உண்மையிலேயே கடினமான வேலையாக இருக்கும்.

அண்மைக் காலத்தில் எஃப்-2-ஜி என்ற பெயரில் மின்மோட்டார் வேகவகையும் சேர்ந்திருக்கிறது. அதில் மெத்தனால் இல்லை, ஆமணக்கெண்ணெய் இல்லை, சுருதி கூட்டிய குழாயும் இல்லை. புட்டியை அளந்தவர்கள் இப்போது பேட்டரியை அளக்கிறார்கள். கம்பிகள் மட்டும் இரண்டாகவே இருக்கின்றன; அவற்றின் காற்றுத் தடையும் அப்படியே இருக்கிறது.